தலைக்கு இவ்வளவு: திண்ணைப் பள்ளியும் தேர்ச்சி மானியமும்

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் பழத்துக்கு விலை சொல்ல அனுபவம் வேண்டும். ஆனால் அதில் மறைபொருள் ஏதும் இல்லை. சரக்கு கண்முன்னே குவிந்து கிடக்கிறது. நிறத்தையும் பருமனையும் பார்க்கலாம், எடை போடலாம், சந்தேகம் இருந்தால் ஒரு பழத்தை நறுக்கிப் பிழிந்தும் பார்த்துவிடலாம். மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் எத்தனை நாள் உழைத்தார் என்று மண்டியில் யாரும் கேட்பதில்லை. அந்த வட்டாரத்துக் கைத்தறிக்காரருக்கும் இதே கணக்குத்தான். தறியில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கல்ல, நெய்து கொடுத்த துணிக்கே கூலி. உழைத்த நேரத்தைப் பாராமல் விளைந்ததைப் பார்த்துப் பணம் கொடுப்பது நமக்குப் புதிய சங்கதியே அல்ல.

இந்த நியாயத்தை அரசாங்கம் பள்ளி ஆசிரியர்மீதும் செவிலியர்மீதும் பொருத்தும்போது என்ன நேர்கிறது என்பதே இங்கு நாம் பார்க்க விரும்புவது. விளைவுக்கேற்ற ஊதியம் என்பது வளர்ச்சித் திட்டங்கள் பற்றிய கருத்தரங்குகளில் புதுச்சரக்கு போலவே பேசப்படுகிறது. ஆனால் சென்னை மாகாணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதைத் தன் தொடக்கப் பள்ளிகளில், ஏறத்தாழ ஒரு முழுத் தலைமுறைக்கும் மேலாக, நடத்திப் பார்த்திருக்கிறது. அக்காலத்து அதிகாரிகள் அதை ரிசல்ட் கிராண்ட் என்றார்கள். தேர்ச்சி மானியம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கு முன் திண்ணைப் பள்ளிகள் எப்படிப் பிழைத்தன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா ஆட்சியர்களிடமும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தின் 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்ததாகச் சொல்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைப் புத்தகமாக்கிய பிறகு இவ்வெண்களை வைத்து நடந்த சச்சரவுகள் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவைதாம். அந்தச் சண்டைக்குள் நாம் இப்போது நுழைய வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது ஒரு சிறு விவரம். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் ஆட்சியர் காம்பெல், 1823இல் அனுப்பிய அறிக்கையில், பிள்ளைகள் மாதாமாதம் கால் ரூபாய் போலக் கொடுப்பதையும், தாளில் எழுதவோ உயர்கணக்குக் கற்கவோ தொடங்கும்போது அது அரை ரூபாயாக உயர்வதையும் குறித்திருக்கிறார்.

ஆக, அந்த வாத்தியாருக்கும் (தெற்கே அவரை அண்ணாவி என்றும் சொல்வார்கள்) ஓரளவு விளைவைப் பார்த்தே கூலி கிடைத்திருக்கிறது. ஆனால் விளைவை மதிப்பிட்டவர் அதே ஊரில் குடியிருந்த தகப்பனார். மகன் வந்த ஓலையை வாசிக்கிறானா, கடன்சீட்டில் எழுதியிருப்பது புரிகிறதா, முந்திரி காணி மா என்று பின்னக்கணக்கைச் சந்தையில் வாய்க்கணக்காகப் போடுகிறானா என்பது தினமும் வீட்டில் தெரிந்துவிடும். அதற்கென்று ஒரு பரீட்சை நாள் தேவைப்படவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அந்த மாதக் கூலி தாமதப்படும், அவ்வளவே. அறுவடையில் நெல்லும் நவராத்திரியில் காசும் வந்து சேரும். இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகக் காட்டும் எண்ணம் நமக்கு இல்லை. சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளும் மிகமிகக் குறைவு. தகப்பனாரின் தராசு தன் பிள்ளையை மட்டுமே நிறுத்தது.

இனி இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. விதி அங்கிருந்துதான் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழும்பூரில் ஆண் அனாதைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவனைக் கொண்டு இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் (நம் சட்டாம்பிள்ளை முறைக்கு அது மிக நெருக்கமானது) அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மலிவாகப் பள்ளி நடத்தும் வித்தையை நாம் அவர்களுக்குக் கொடுத்தோம். அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, மலிவாக மானியம் கொடுக்கும் வித்தையை அவர்கள் நமக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த வித்தையின் தகப்பன் ராபர்ட் லோ. அவர் 1862இல் கொண்டுவந்த திருத்தியமைத்த கல்வி விதிகளின்படி, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 12 ஷில்லிங் மானியம். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு. மீதி 8 ஷில்லிங்கை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்றாகப் பிரித்து, இன்ஸ்பெக்டரின் பரீட்சையில் பிள்ளை தோற்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழித்துக்கொள்வார்கள். இந்த முறை கல்வியைத் திறமானதாக ஆக்காவிட்டால் மலிவானதாக ஆக்கும், மலிவாக இல்லாவிட்டால் திறமானதாக இருக்கும் என்ற பொருள்பட லோ நாடாளுமன்றத்தில் வாக்களித்தார். வாக்கின் ஒரு பாதி உடனே பலித்தது. 8 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த ஆண்டு மானியச் செலவு, 1865க்குள் 6 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. கவிஞரும் விமர்சகருமான மாத்யூ அர்னால்டு வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். தம் மேலதிகாரியின் இத்திட்டத்தை அவர் 1862இலேயே எழுதித் தாக்கினார். பரீட்சைக்கான வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் சரளமாக 'வாசித்த' கதைகள் அந்தக் காலத்தில் பிரசித்தம்.

இவற்றைவிட நம்மை யோசிக்கவைப்பது லோவின் பதவி போன கதை. இன்ஸ்பெக்டர்கள் எழுதும் அறிக்கைகளில் துறைக்குப் பிடிக்காத பகுதிகள் வெட்டப்படுகின்றன என்று 1864 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் தீர்மானம் வந்து, அது வென்றது. லோ பதவி விலகினார். பிறகு விசாரித்த குழு அவரை விடுவித்தது உண்மைதான். ஆனாலும் விளைவை அளந்து பணம் கொடுக்கும் திட்டத்தின் பிதா, அளவீட்டைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டால் பதவி இழந்தார் என்பதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் செயற்கை என்றிருப்போம்.

சென்னைக்கு இந்த விதி 1860களிலேயே வந்து சேர்ந்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து இங்கு மானிய முறை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. அது ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு தரும் முறை. அதற்கு ஆசிரியர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்த அண்ணாவியிடம் எந்தச் சான்றிதழ் இருக்கும்? தேர்ச்சி மானியமோ சான்றிதழ் கேட்கவில்லை. பிள்ளைகளை வகுப்புவாரியாக நிறுத்து, பரீட்சை வைக்கிறோம், தேறிய தலைக்கு இவ்வளவு என்றது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பிறகு தாலுகாக்களிலும் இதற்குப் பணம் கிடைக்க வழி பிறந்தது. திண்ணைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக அரசுப் பதிவேட்டுக்குள் நுழைந்தன.

இதை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. தேர்ச்சி மானியத்தின் குறைகளை எழுதுவது எளிது. அதன் நியாயத்தை எழுதுகிறவர்கள் குறைவு. சர்க்கார் பணத்தில் ஒரு காசும் பார்த்திராத ஏழை உபாத்தியாயருக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்த முறைதான். பெண்பிள்ளைகளுக்கும், 1893 பிப்ரவரியில் வந்த பஞ்சமர் கல்வி அரசாணையையொட்டித் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கும், கூடுதல் விகிதம் வைக்க இந்தக் கணக்குமுறை இடம்கொடுத்தது. தகப்பனாரின் தராசுக்குத் தட்டுப்படாத பிள்ளையும் சர்க்காரின் தராசில் எடைபெற்றது.

ஆனால் சங்கரன்கோவில் தாலுகாவில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், அந்தப் பரீட்சை நாளைச் சற்றுக் கற்பனை செய்து பார்ப்போம். (புளியங்குடி அப்போது அந்தத் தாலுகாவைச் சேர்ந்ததுதான், தென்காசி மாவட்டம் என்பது 2019இல் பிறந்தது.) டெபுடி இன்ஸ்பெக்டர் வண்டி கட்டிக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். அன்று பிள்ளைகள் வந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும். சாதாரண நாளில் துரைமார் முகத்தையே பார்த்திராத எட்டு வயதுப் பிள்ளை வாய்திறந்து வாசிக்க வேண்டும். மலையடிவாரத்துக் காய்ச்சல் பிள்ளைக்கு அந்த வாரம் வந்தால், அது பிள்ளையின் நஷ்டம் மட்டுமல்ல, வாத்தியாரின் நஷ்டமும்கூட. விதைப்புக் காலத்தில் தகப்பன் மகனை வயலுக்கு இழுத்துக்கொண்டால் அதுவும் அவருடைய நஷ்டம். இந்த முறை வந்து பத்தாண்டுகூட நிலைகொள்ளாத நேரத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை கஞ்சித்தொட்டியைத் தேடிப்போன பிள்ளைகளை எந்த வாத்தியார் எந்த வகுப்பில் நிறுத்தியிருக்க முடியும்? மழை பெய்யாததற்கும் விலையேற்றத்துக்கும் காய்ச்சலுக்கும் பொறுப்பாளி என்று ஊரிலேயே மிகக் குறைந்த வரும்படி உள்ள படித்த மனிதரை ஆக்கியது இந்த ஏற்பாடு. கம்பெனிப் பங்குகளில் பணம்போடுகிறவர் இத்தகைய அபாயத்தை நூறு இடங்களில் பரப்பி வைத்துக்கொள்வார். அண்ணாவிக்கு இருந்ததோ ஒரே திண்ணை.

அபாயத்தைத் தாங்க முடிந்தவர்களும் இருந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் மிஷன்களுக்குப் பல பள்ளிகள் இருந்தன. ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் ஈடுகட்டலாம். பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ். மிஷன் தன் ஆசிரியர்களைத் தானே பயிற்றுவித்துக்கொண்டது. எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, எந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம் என்பதெல்லாம் அங்கே தெரிந்திருந்தது. இதில் சதி எதுவும் இல்லை. விதியைப் படித்துப் புரிந்துகொள்ளும் வசதி உள்ளவருக்கே விதி பணம் தருகிறது.

பணம் பெறாத பாடங்களின் கதி இன்னும் நுட்பமானது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, அவற்றோடு விதியில் ஏறிய சில பாடங்கள், இவற்றுக்கே மானியம். சமயக் கல்விக்குச் சர்க்கார் காசு கிடையாது. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில் பிள்ளை முதலில் ஓதப்போகும் இடமும், அங்கே அரபு எழுத்தில் தமிழை வாசிக்கக் கிடைக்கும் பயிற்சியும், இந்தக் கணக்கில் பூஜ்யம். நிகண்டும் சதகமும் வல்லவராக ஒரு வாத்தியார் இருந்தால், அந்த வல்லமைக்கு மதிப்பு அவர் மனத்தளவில்தான். கணக்கு வரலாற்றை ஆராய்ந்த செந்தில் பாபு, 2022இல் வெளிவந்த தம் நூலில் திண்ணைப் பள்ளியின் மனனம் வெறும் நெட்டுரு அல்ல என்பதை விரிவாகக் காட்டுகிறார். எண்சுவடியை மனத்தில் ஏற்றுவது, அளவைகளோடும் நிலத்தோடும் கூலியோடும் கணக்கைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பயிற்சி. அந்த மனனத்தைப் பழமை என்று இகழ்ந்த அதிகாரிகள், அச்சிட்ட வாசகப் புத்தகத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் இன்னொரு நெட்டுருவுக்குத் தலைக்கு இவ்வளவென்று காசு கொடுத்ததாகவே நமக்குப் படுகிறது.

சரி, இத்திட்டம் வென்றதா தோற்றதா? இங்கேதான் வரலாற்று மாணவருக்குச் சங்கடம். கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளைத் திறந்தால் பள்ளிகளும் மாணவர்களும் தேறியவர்களும் பெருகிக்கொண்டே போகிறார்கள். ஆனால் நேற்றுவரை பதிவேட்டில் இல்லாத பழைய திண்ணைப் பள்ளி இன்று மானியத்துக்கு விண்ணப்பித்தால், அது புதிய பள்ளியாகக் கணக்கில் ஏறும். அங்கே ஐந்தாண்டாகப் படித்துக்கொண்டிருந்த பையன் புதிய மாணவனாவான். மேலும், தேர்ச்சிப் பட்டியலும் பணப்பட்டியலும் ஒன்றே. இன்ஸ்பெக்டர் எழுதும் மதிப்பெண் ஒரே நேரத்தில் பிள்ளையின் கல்விக்குச் சாட்சியாகவும் வாத்தியாரின் பில்லாகவும் இருந்தது. மானியம் இல்லாத பள்ளியில் அதே பரீட்சையை வைத்துப் பார்க்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. பார்த்திருந்தாலன்றோ மானியத்தால் என்ன விளைந்தது என்று சொல்ல முடியும். நாற்பது ஆண்டுகளின் புள்ளிவிவரக் குவியலில் அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் போனதற்குக் காரணம் இதுவே.

1882இல் அமர்த்தப்பட்ட ஹண்டர் கமிஷன் இதை விசாரித்தது. தேர்ச்சியைப் பார்த்துப் பணம் தரும் முறை கல்லூரிகளுக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிய அதே கமிஷன், தொடக்கப் பள்ளிகளுக்கு அதைச் சிபாரிசு செய்தது. பேராசிரியருக்குப் பொருந்தாத அளவுகோல் அண்ணாவிக்குப் பொருந்தும் என்பதன் காரணத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது. கர்சன் காலத்தில் 1904 மார்ச்சில் வந்த கல்விக் கொள்கைத் தீர்மானத்தோடு இங்கும் அது முடிவுக்கு வரத் தொடங்கியது. பதிலாக வந்த மானியம் ஆசிரியரின் தகுதி, மாணவர் எண்ணிக்கை, பள்ளியின் தேவை ஆகியவற்றைப் பார்ப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தகுதி என்றால் மறுபடி சான்றிதழ். திறந்த கதவு திண்ணை வாத்தியாருக்கு மறுபடி சாத்தப்பட்டது.

நம் காலத்துக்கு வருவோம். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2005 முதல் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு, சென்னை மாகாணம் செய்யாததைச் செய்தது. குலுக்கலில் தேர்ந்த நூறு கிராமப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனித்தனியாக ஊக்கத்தொகை, நூற்றில் பள்ளிக்குப் பொதுவாக, நூற்றில் ஒன்றுமில்லை. ஊக்கத்தொகை சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று அளவே. இரண்டாண்டு முடிவில் ஊக்கத்தொகைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முந்தியிருந்தார்கள். நம் வாதத்துக்குச் சங்கடமான ஒரு விவரமும் உண்டு: ஊக்கத்தொகை இல்லாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் அவர்கள் முன்னேறியே இருந்தார்கள். நெட்டுரு மட்டுமே விளையும் என்ற முடிவை இது அசைக்கிறது. ஆசிரியர்கள் விடுப்பெடுப்பது குறையவில்லை. வந்த நாள்களில் கூடுதல் வகுப்பும் மாதிரித் தேர்வும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அண்ணாவியோடு இவர்களை ஒப்பிடுகையில் ஒன்றை மறக்கக் கூடாது. இவர்களுக்கு மாதச் சம்பளம் பத்திரமாக இருந்தது. தேர்ச்சியால் வந்தது மேல்வரும்படி. தேறாவிட்டால் உலை கொதிக்காது என்ற நிலை இல்லை.

ராஜஸ்தானத்தின் உதய்பூரில் 2006இல் தொடங்கிய செவிலியர் திட்டம் வேறு பாடம். சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் கிராமத் துணைச் சுகாதார நிலையங்களில் வருகையை நேரமுத்திரை இயந்திரத்தால் பதிவு செய்தது. வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. முதல் ஆறு மாதம் செவிலியர் வருகை ஒப்பீட்டு நிலையங்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. பிறகு நிர்வாகமே 'விலக்கு நாள்' என்று தாராளமாக எழுதிக்கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டன.

அதே மாநிலத்தில் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்தது இன்னும் நவீன ஏற்பாடு. எஜுகேட் கேர்ல்ஸ் என்ற அமைப்புக்கு யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் போட்டது. பள்ளி செல்லாத பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதற்கும், பிள்ளைகளின் கற்றல் உயர்வதற்கும் இலக்கு வைத்து, இலக்கு நிறைவேறினால் குழந்தைகளுக்கான வேறொரு அறக்கட்டளை அந்தப் பணத்தை லாபத்தோடு திருப்பித் தரும். அளந்தவர் மூன்றாவது ஆள். இந்தக் கிராமங்களைத் திட்டம் எட்டாத கிராமங்களோடு ஒப்பிட்டு அளந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் பாதியளவே எட்டியிருந்தது. உடனே பாடமுறையை மாற்றி, பள்ளிக்கு வராத பிள்ளையின் வீடு தேடிப் போனார்கள். 2018இல் கணக்கு முடித்தபோது கற்றலில் இலக்கின் 160 விழுக்காடு, சேர்க்கையில் 116 விழுக்காடு. முதல் போட்டவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் லாபம் கிடைத்தது. பிள்ளை தேறாவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை இங்கே சுவிட்சர்லாந்து வங்கியொன்றின் அறக்கட்டளைக்கு உரியது, ஆசிரியருக்கு அல்ல. திண்ணை வாத்தியாரின் பாரம் அவ்வளவு தூரம் மேலேறியிருக்கிறது. வீடு தேடிப் போன அந்தக் கிராமத்து இளைஞர்களும் பெண்களும் தொண்டர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.